பீவி ஜான் வாங்கிய இரண்டு கேமராக்கள்

பீவி ஜான் கடைக்குப் போய் எதையும் ஒன்றாக வாங்கி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. குடை வாங்கினால் இரண்டு. சுவர்க் கடிகாரம் வாங்கினால் இரண்டு. ஒருமுறை அண்ணன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துபோய் புதிது போட வேண்டி வந்தது. அப்போது தம்பி வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரையும் கழற்றிவிட்டு அதே கம்பெனி மோட்டாரை அங்கேயும் மாட்டச் சொன்னாள். பிளம்பர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்து, அந்த இருவருக்கும் நடுவிலேயே நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு பிளம்பரின் பார்வையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெருநாள் சட்டைதான். பழவேற்காட்டில் அவர்களுடைய வாப்பா இறால் வியாபாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரே துணியில் இரண்டு பையன்களுக்கும் சட்டை தைத்து வந்தது. அண்ணன் உமர் பாரூக்கின் சட்டைப் பை தன்னுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று தம்பி தாஹா கண்டுபிடித்துவிட்டான். பெரிய உடம்புக்குப் பெரிய பை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவன் மசியவில்லை. பழைய சட்டையோடு தொழுகைக்குப் போனான். நல்ல நாளும் அதுவுமாக அம்மா உட்கார்ந்து அழுதாள். இனிமேல் இந்த வீட்டில் ஒரு பை இன்னொரு பையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று அன்று பீவி ஜான் முடிவு செய்தாள். தனக்கு எவ்வளவு பெரிய பை என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பொன்னேரியில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதற்குள் வாப்பாவும் இல்லை, இறாலும் இல்லை. அண்ணனும் தம்பியும் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, சிப்காட் கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்ற ஒரு வண்டி வாங்கியிருந்தார்கள். ஒரே வண்டி என்பதால் அதை யார் ஓட்டுவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. பீவி ஜான் தன் நகைகளை விற்று இரண்டாவது வண்டி வாங்கினாள். நிறம்கூட மாறவில்லை. அதோடு பஞ்சாயத்து நின்றது. வண்டிகளுக்கு ‘பீவி ஜான் டிரான்ஸ்போர்ட்’ என்று பெயர் எழுதினார்கள். பாசத்தால் வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் பெயரை வைத்தால் தம்பிக்குப் பொறுக்காது, தம்பி பெயரை வைத்தால் அண்ணனுக்கு ஆகாது. மிச்சமிருந்த பெயர் அது.

குதிரை வேலை தற்செயலாக வந்தது. திருவாலங்காடு பக்கத்தில் வீரராகவன் என்பவர் நெல் நிலத்துக்கு நடுவே குதிரைப் பண்ணை வைத்திருந்தார். குட்டிகளை வளர்த்துப் பழக்கி, சவாரிப் பள்ளிகளுக்கும் வெளியூர்ப் பண்ணைகளுக்கும் விற்பார். லாரியில் ஏற்றினால் குதிரைகள் சறுக்கி விழுகின்றன, தோதான வண்டி ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பாரூக் துணிந்து ஒப்புக்கொண்டார். சிப்காட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி இரண்டு குதிரை டிரெய்லர்களைச் செய்ய வைத்தார்கள். உள்ளே பக்கத்துக்கு ஒரு குதிரை, நடுவில் இரும்புத் தடுப்பு, கீழே கறுப்பு ரப்பர் விரிப்பு. இரண்டு டிரெய்லருக்கும் பச்சை வர்ணம். எது யாருடையது என்று கண்டுபிடிக்க நம்பர் பலகையைப் பார்க்க வேண்டும்.

சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில், பாரூக் இழுத்துப்போன டிரெய்லரில் ஒரு குதிரை செத்துப்போனது. தலைக்கயிற்றில் முன்னங்கால் சிக்கி, விழுந்து, கழுத்து இறுகியிருக்கிறது. ஜீப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோதுதான் பார்த்தார். அன்று பண்ணையில் குதிரையைக் கட்டி ஏற்றியது தாஹா. கட்டியவன் சரியாகக் கட்டவில்லை என்றார் பாரூக். ஓட்டியவர் நடுவில் ஒருமுறையாவது இறங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்றான் தாஹா. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை தீரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் பீவி ஜான் வழியாக உண்டு. பஜாரில் ஒரு டயர்க் கடைக்கு மாடியில் அவர்களுடைய ஆபீஸ். இருவரும் அங்கே எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

“ஜானு, நாளைக்கு வண்டி செவ்வாப்பேட்டைக்குப் போவணும்னு அவனாண்ட சொல்லு” என்பார் பாரூக்.

“கேட்டுச்சுன்னு சொல்லுக்கா” என்பான் தாஹா.

அவள் இரண்டையும் சொல்வாள். சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று ஆகிவிடும். சாலையில் இருக்கும்போது இருவரும் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை அவள் திரும்ப போன் செய்து சொல்வாள். அண்ணனுக்கு ஒரு போன் போனால், விஷயம் இருக்கிறதோ இல்லையோ, தம்பிக்கும் ஒன்று போகும். இருவரின் மனைவிகளும், இர்பானாவும் ஜபீனும், இந்த அக்கிரமத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டார்கள். பீவி ஜானுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேஜாரு முற்றினால் ஆளுக்கொரு வண்டியோடு பிரிந்து போய்விடுவார்கள் என்ற பயம் அவளுக்கு உள்ளே இருந்தது. பிரிந்தால் அவள் எந்தப் பக்கம் போவது? அவளை மட்டும் இரண்டாக வாங்க முடியாதே.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், வீரராகவன் அவளை போனில் கூப்பிட்டார். செத்த குதிரைக்காக அவர் அதுவரை சத்தம் போட்டதில்லை. அன்றும் போடவில்லை.

“நாலு குதிரை சூலூர்ப்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு பண்ணைக்குப் போகணும்மா. அதுல கஸ்தூரி சினையா இருக்கு. பின்னாடி நடக்கறது முன்னாடி ஓட்டறவருக்குத் தெரியணும். கேமரா வெச்சு அனுப்பறீங்கன்னா உங்களுக்கே தரேன். இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா நெனைக்காதீங்க.”

இந்தச் சவாரி கைநழுவினால் பண்ணையும் போகும். பண்ணை போனால் டிரெய்லர் இரண்டும் பழைய இரும்புதான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரையும் ஒரே கூரையில் வைத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. பீவி ஜான் மறுநாளே ரயிலேறி சென்னைக்குப் போனாள்.

ரிச்சி தெருவில் முதல் கடைக்காரர் வயர் வைத்த கேமரா காட்டினார். டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் வயரையும் கழற்றி மாட்ட வேண்டும், ஒருநாள் மறந்து வண்டியை எடுத்தால் கேமரா ரோட்டில் கிடக்கும் என்று வேண்டாம் என்றாள். அடுத்த கடையில் வீட்டு வாசலில் மாட்டுகிறதைக் காட்டினார்கள். மூன்றாவது கடையில், லாரிகளுக்குப் பின்னால் மாட்டுகிற வயர்லெஸ் கேமரா இருந்தது. கேமரா பின்னால், ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்கிரீன்.

“இன்னாத்துக்கும்மா, ரிவர்ஸ் எடுக்கவா?”

“குதிரையப் பாக்கறதுக்கு.”

கடைக்காரர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவள் கேமரா முன்னால் வலது கையைத் தூக்கச் சொன்னாள். ஸ்கிரீனில் கை மறுபக்கம் தெரிந்தது. ரிவர்ஸ் எடுப்பவர்களுக்கு அப்படித்தான் தேவைப்படும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, என்று அவர் விளக்கினார்.

“வலது பக்கத்துக் குதிரைக்கு காலு சிக்கியிருக்க, இடதுன்னு காட்டினா, ஓடிப்போய் எந்தக் கதவத் தொறக்கறது?”

அவர் பின்னால் ஒரு விசையைத் தள்ளி நேராக்கிக் கொடுத்தார். இருட்டில் தெரியுமா என்று கேட்டாள். அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. டிரெய்லரைத் தண்ணீர் அடித்துக் கழுவுவோம் என்றாள். அவர் மனசே இல்லாமல் குடிக்கிற தண்ணீரைக் கேமராமேல் கொஞ்சம் ஊற்றினார். நடுவில் இரும்பு இருக்கிறது என்றாள். அவர் கடையின் பீரோவைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். படம் போய், ஸ்கிரீன் முழுக்க எறும்பு மொய்க்கிற மாதிரி புள்ளி புள்ளியாக ஓடியது. பக்கத்துக் கடைப் பையன்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கடைசியில், ஏரியலைத் தனியாக வயரில் வெளியே நீட்டிவைக்கிற ஒரு மாடலை எடுத்தார். அதைப் பீரோவுக்குள் வைத்து, ஏரியலைக் கதவிடுக்கில் வெளியே விட்டபோது படம் பளிச்சென்று வந்தது.

“இதுல ரெண்டு செட்டு குடுங்க” என்றாள் பீவி ஜான். “ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

“மாடல் ஒண்ணுதாம்மா. ஆனா உள்ள நம்பர் வேற வேற வெச்சுத் தரேன். இந்தக் கேமராவோட படம் இந்த ஸ்கிரீன்லதான் வரும். ரெண்டுக்கும் ஒரே நம்பர் வெச்சா படம் கலந்துடும்.” அவர் ஒரு செட்டின் கேமராவிலும் ஸ்கிரீனிலும் ‘1’ என்று எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினார். மற்றதில் ‘2’. “ஒண்ணு ஒண்ணோட, ரெண்டு ரெண்டோட. மாத்திடாதீங்க. கூப்பிடு தூரத்துக்குத்தான் படம் வரும், அதுக்கு மேல போனா எறும்புதான்.”

அவள் அந்த ‘2’ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுலயும் ஒண்ணுன்னே ஒட்ட முடியாதா?”

கடைக்காரர் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் விளையாடவில்லை. திரும்பி வருகிற ரயிலில் மடியில் இரண்டு பெட்டிகளோடு அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். ‘1’ அண்ணனுக்குத்தான் போக வேண்டும். ‘2’ தாஹாவுக்கு. அவன் ஸ்கிரீனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ‘2’ஐயும் பார்ப்பான். ‘எப்பவும் நான் ரெண்டாவதுதானே’ என்று அவன் சொல்லப்போவது அவளுக்கு இப்போதே காதில் விழுந்தது. மீஞ்சூர் தாண்டியதும் பெட்டிகளைத் திறந்து, நான்கு ஸ்டிக்கர்களையும் நகத்தால் சுரண்டி எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள். அந்தந்த செட்டு அந்தந்தப் பெட்டியில் இருக்கிறது, அது போதாதா என்று நினைத்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தாள்.

பொருத்தியது வரதன். லாரிகளுக்கு ஹாரனும் லைட்டும் மாட்டுகிற எலக்ட்ரீஷியன். பீவி ஜான் மதிய லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் அவர் இரண்டு பெட்டிகளையும் பிரித்து எல்லாவற்றையும் ஒரு சாக்கில் பரப்பி வைத்துவிட்டார். ஒரே வேலையை ஒரே மூச்சில் செய்வது அவருடைய வழக்கம். முதலில் இரண்டு டிரெய்லரிலும் கேமரா மாட்டினார். பிறகு இரண்டு ஜீப்பிலும் ஸ்கிரீன் மாட்டினார். பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு வண்டியிலும் ஸ்கிரீனைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் கறுப்பு ரப்பர் விரிப்பு, நடுவில் இரும்புத் தடுப்பு, காலி டிரெய்லர். எல்லாருக்கும் சந்தோஷம்.

“நல்லா இருக்குன்னு அவனாண்ட சொல்லு” என்றார் பாரூக்.

“பாத்துட்டேன்னு சொல்லுக்கா” என்றான் தாஹா.

அந்த வாரமே சவாரி. வெயில் ஏறுவதற்கு முன்னால் பண்ணையிலிருந்து கிளம்பினார்கள். கஸ்தூரியையும் இன்னொரு பெண் குதிரையையும் பெரியவர் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார் வீரராகவன். தாஹாவுக்கு இரண்டு ஆண் குதிரைகள். கஸ்தூரி யாருக்கு என்று தான் முடிவு செய்யாமல் தப்பித்ததில் பீவி ஜானுக்கு நிம்மதி. அண்ணன் முன்னால், தம்பி பின்னால். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, கவரைப்பேட்டை வழியாக வந்து பெரிய ரோட்டைப் பிடித்து வடக்கே போக வேண்டும்.

அவள் ஆபீஸில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊத்துக்கோட்டையில் பாரூக் பேசினார். படம் ஜோராகத் தெரிகிறது, இரண்டும் நிம்மதியாக நிற்கின்றன என்றார். தாஹாவும் அதையேதான் சொன்னான். சத்தியவேடு தாண்டி பாரூக் மறுபடி கூப்பிட்டார்.

“ஜானு, படம் போச்சு. எறும்புதான் ஓடிக்கினு இருக்குது.”

அவர் போனை வைத்த உடனே தாஹா. “அக்கா, படம் வரல. எறும்பு.”

அண்ணனைக் கொஞ்சம் ஓரம்கட்டி நிற்கச் சொன்னாள். அவர் நின்று, ரோட்டோரம் தேநீர் குடித்தார். அதற்குள் தாஹாவும் வந்து, அவர் வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது இருவரும் அவளுக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். படம் வந்துவிட்டதாம். சைனா சாமான் இப்படித்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கவரைப்பேட்டையில் பெரிய ரோட்டில் ஏறியதும் பாரூக்கின் கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியது. பழைய பழக்கம். எளாவூரை நெருங்கும்போது தாஹா கூப்பிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா, கேமராவுக்குப் பேய் புடிச்சிருக்கு. ஸ்கிரீன்ல ஒரு குதிரை வுழுந்து காலு உதைச்சுக்கினு இருந்துச்சு. ஓரம்கட்டி, ஓடிப்போய் கதவத் தொறந்து பாத்தா ரெண்டும் நின்னுகினு புல்லு துன்னுது. திரும்பி வந்து பாத்தா ஸ்கிரீன் பூரா எறும்பு.”

“வுழுந்தத நல்லாப் பாத்தியா?”

“கண்ணால பாத்தேன்கா. அப்பவே ஒரு சந்தேகம். என்னுது ரெண்டும் ஆம்பள. படத்துல ஒண்ணுக்கு வயிறு மட்டும் இவ்ளோ பெருசா தெரியுதேன்னு பாத்தேன். சைனா கேமரா, அப்படித்தான் காட்டும்னு வுட்டுட்டேன்.”

பீவி ஜான் இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் படம் போகிறது. ஒரே நேரத்தில் வருகிறது. கிட்டே இருந்தால் வருகிறது, விலகினால் போகிறது. அண்ணனுக்கு அவர் பாட்டைச் சொல்லத் தெரியும், தம்பிக்கு அவன் பாட்டைச் சொல்லத் தெரியும். இரண்டு பாட்டையும் கேட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். ரயில் ஜன்னலில் பறந்துபோன ஸ்டிக்கர்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன.

“தாஹா, அது கஸ்தூரி. உன் ஸ்கிரீன்ல தெரியறது அண்ணன் வண்டி. வண்டிய எடு, அவரப் போய்ப் புடி” என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்குப் போட்டாள். அவர் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஓட்டுவார். உடனே எடுத்தார்.

“அண்ணே, வண்டிய நிறுத்து. கஸ்தூரி வுழுந்துடுச்சு.”

“இன்னா சொல்ற? இப்பதான் படம் போச்சு. அதுவரைக்கும் ரெண்டும் நல்லா நின்னுகினு இருந்துச்சே. யார் சொன்னது உனக்கு?”

“தாஹா பாத்தான்.”

“பின்னாடி வர்றவனுக்கு என் டிரெய்லருக்குள்ள எப்படித் தெரியும்? அன்னிக்கு நான் எறங்கிப் பாக்கலன்னு சொன்னவன்தானே. இன்னிக்கும் குத்திக் காட்டறான். சும்மா வெய்யி.”

“அண்ணே, நீ பாத்தது அவனோட குதிரைங்கள. அவன் பாத்தது உன்னோடத. ரெண்டு செட்டும் மாறிப்போச்சு. கடைக்காரரு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் ஒட்டிக் குடுத்தாரு. நான்தான் கிழிச்சுப் போட்டேன்.”

“எதுக்குடி கிழிச்ச?”

“அவன் ரெண்டுன்னு இருந்தா சங்கடப்படுவான்னு கிழிச்சேன். போதுமா? நிறுத்துண்ணே, அல்லாவுக்காக நிறுத்து.”

பிரேக் சத்தம் கேட்டது. பிறகு போன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ய எதுவும் இருக்கவில்லை. அடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி எதுவும் கையில் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான். கீழே பஜாரில் கம்பெனி பஸ்கள் ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. டயர்க் கடைக்காரர் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு குதிரை செத்து இத்தனை நாள் பேச்சு நின்றது. இதுவும் போனால், வயிற்றிலிருக்கிற குட்டியும் சேர்ந்து போனால், அப்புறம் அவர்களைச் சேர்த்துவைக்க எதை இரண்டாக வாங்குவது? இந்தத் தடவை பழி தன்மேல்தான் என்பது அவளுக்கு ஏனோ ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தாஹாதான் கூப்பிட்டான். கஸ்தூரி எழுந்துவிட்டது. ரோட்டோரம் நிற்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் நிற்கிறது. தடுப்புக்கு அடியில் பின்னங்கால் மாட்டி, தலைக்கயிறு இறுகிக் கிடந்திருக்கிறது. தாஹா போய்ச் சேர்ந்தபோது பாரூக் உள்ளே நுழைந்து, அது தலையை அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தோடு கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். கையை விட்டால் உதை விழும், விடாவிட்டால் கயிற்றை அறுக்க முடியாது.

“ ‘கயித்த அறுடா, அறுடா’ன்னு கத்தினாரு. அறுத்துட்டு, நான் தடுப்பத் தூக்கிப் புடிச்சேன். அவரு கால இழுத்து வுட்டாரு.”

“யாராண்ட கத்தினாரு?”

“இன்னாக்கா கேள்வி இது? என்னாண்டதான். அங்க வேற யாரு இருந்தா?”

போன் கை மாறியது. பாரூக் பேசினார். குரல் கம்மியிருந்தது.

“வயிறு அசையுது ஜானு. தொட்டுப் பாத்தோம், குட்டி உள்ள உதைக்குது. பண்ணையில டாக்டரு காத்துக்கினு இருக்காராம், மெதுவா ஓட்டிக்கினு போறோம். வீரராகவன் சாராண்ட நானே பேசிட்டேன். உள்ளதச் சொல்லிட்டேன்.”

“ஸ்கிரீனக் கழட்டி மாத்திக்கோங்கண்ணே.”

“வரதன் முறுக்கி வெச்சிருக்கான். இங்க ஸ்பேனர் இல்ல. இப்படியே போறோம். பாத்துக்கலாம்.”

எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் தடா தாண்டியிருப்பார்கள். தடா தாண்டினால் ஆந்திர ரோமிங். கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. அந்தப் பக்கம் போய்விட்டால் பாரூக் வெறும் மிஸ்டு கால் கொடுப்பதோடு சரி. ஒரு மணியடித்தால் சேர்ந்துவிட்டேன், இரண்டு மணியடித்தால் நேரமாகும். அவ்வளவு கெட்டிக்காரர். போனால் போகிறது என்று அவளே அண்ணனுக்குப் போட்டாள். அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக போன் சொன்னது. பண்ணை டாக்டராக இருக்கும்.

தம்பிக்குப் போட்டாள். அவனும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அண்ணனுக்கு. பேசிக்கொண்டிருந்தார். மறுபடி தம்பிக்கு. பேசிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கஸ்தூரி எப்படி நிற்கிறது என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டுமானால், அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருகிற தம்பிதான் சொல்ல வேண்டும். தன் குதிரைகள் எப்படி இருக்கின்றன என்று தம்பிக்குத் தெரிய வேண்டுமானால், முன்னால் போகிற அண்ணன்தான் சொல்ல வேண்டும். கூப்பிடு தூரத்தைவிட்டு இருவரும் விலகவும் முடியாது, சூலூர்ப்பேட்டை தாண்டிப் பண்ணை போய்ச் சேருகிறவரை போனை வைக்கவும் முடியாது. ரோமிங்கில், இரண்டு பக்கமும் காசு போக, பேசிக்கொண்டே போகிறார்கள்.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை நாளாக அவள் வழியாகவே போய் வந்த பேச்சு, இன்று அவளைக் கேட்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். இரண்டு பேருமே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை மேஜைமேல் வைத்துவிட்டு, காலையிலிருந்து சாப்பிடாமல் வைத்திருந்த நாஷ்டாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.